எழுந்து போகாதவள்

அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் யாருக்கும் பெயர் கிடையாது. தைக்கிற பாகம்தான் பெயர். பாக்கெட் வைக்கிறவள் பாக்கெட். கை மூட்டுகிறவள் கை. பட்டனுக்குத் துளை போடுகிறவளை ஒருவன் ‘ஓட்டை’ என்று கூப்பிட்டு, அவள் கத்தரிக்கோலோடு எழுந்து நின்றதிலிருந்து, அவள் மட்டும் மேடம் ஆனாள்.

இவள் காலர். பதினொரு வருடமாகக் காலர்.

காலர் தைப்பதில் முனை இரண்டும் ஒன்றுபோல வர வேண்டும். ஒன்று கூராகவும் மற்றது மழுங்கியும் வந்தால், போட்டுக்கொள்கிறவன் எப்போதும் யாரையோ சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பது போலிருக்கும். அவள் கையில் அப்படி வந்ததில்லை. ஆனால் சூப்பர்வைசர் புதுப் பெண்களுக்கு அவளைக் காட்டியது முனைக்காக அல்ல.

“காலரைப் பாருங்க. மெஷின்ல உட்கார்ந்தா எழுந்திருக்கவே மாட்டா.”

வரிசைக்கு ஒரு சிவப்பு அட்டை உண்டு. வரிசையின் முனையில் ஆணியில் தொங்கும். கழிப்பறைக்குப் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்விட்டு, வந்து ஆணியில் மாட்ட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் அடுத்தவள் எழுந்திருக்கக் கூடாது. பெண்கள் அதைப் பாஸ்போர்ட் என்பார்கள்.

“பாஸ்போர்ட் வந்துடுச்சா?”

“இன்னும் வெளிநாட்டுலதான் இருக்கு.”

“விசா முடிஞ்சு போச்சுன்னு சொல்லுடி. இங்க ஒருத்தி கரை உடைஞ்சு நிக்கறா.”

காலரும் சிரிப்பாள். அட்டையைத் தொட மாட்டாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் மூன்றாவது முறையாக எழுந்தபோது, சூப்பர்வைசர் மைக்கில் கேட்டார்: “ஏம்மா, வீட்டுலயே எல்லாத்தையும் முடிச்சுட்டு வர மாட்டியா?” கூடமே சிரித்தது. அவள் அட்டையைக் கழுத்தில் மாட்டியபடி பாதி வழியில் நின்றாள். போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. அன்றைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தவள்தான்.

தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகினாள். நாக்கு உலர்ந்தால் ஒரு வாய் எடுத்து, கொஞ்ச நேரம் உள்ளேயே வைத்திருந்து விழுங்குவாள். வருடக்கணக்கில் அடக்கினால் உடம்பு ஒரு கட்டத்தில் சொன்ன பேச்சைக் கேட்காது. தும்மினால் கசியும். துணிக்கட்டைத் தூக்கினால் கசியும். வரிசையில் பாதிப் பேருக்கு அப்படித்தான். அதற்கும் வழி வைத்திருந்தார்கள். பாக்கெட்டின் மேசையடியில் விழும் வெள்ளை உள்துணித் துண்டுகள் நன்றாக உறிஞ்சும். நான்காக மடித்து வைத்துக்கொண்டால் மாலைவரை தாங்கும். துண்டு வேண்டுமென்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. “மீதி இருக்கா?” என்றால் போதும். பாக்கெட் தைத்துக்கொண்டே கூடையைக் காலால் தள்ளிவிடுவாள்.

முப்பத்தைந்து வயதில், இரண்டு கலைந்த பிறகு, காலருக்கு மூன்றாவது முறையாகக் கர்ப்பம் தரித்தது. அது நின்றது. மூன்றாம் மாதம் தாண்டியது, ஐந்தாம் மாதம் தாண்டியது. வீட்டில் யாரும் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசவில்லை. லிஃப்ட் பழுது பார்க்கிற கணவன், அவள் வயிற்றில் காதை வைத்து, “மேல போறவங்க யாராவது இருக்கீங்களா?” என்று கேட்பான். உள்ளேயிருந்து ஓர் உதை வரும். “ஆள் இருக்கு” என்பான்.

எட்டாம் மாதம் முடியப்போகும் சமயம், ஒரு மத்தியானம், தைத்துக்கொண்டிருந்தபோது உட்கார்ந்த இடம் நனைந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம். வெதுவெதுப்பாக இருந்தது. அவள் மெஷினை நிறுத்தவில்லை. வயிறு கனத்தால் மூத்திரப்பை நெருக்கப்படும், நெருக்கினால் கசியும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

“மீதி இருக்கா?” என்றாள்.

“இப்பத்தானக்கா காலையில எடுத்தீங்க?”

“உள்ள ஒருத்தர் ஏறி மிதிக்கிறார்டி. நான் என்ன பண்ண?”

பாக்கெட் சிரித்துக்கொண்டே கூடையைத் தள்ளினாள். மறுநாள் காலர் இரண்டு பங்கு துண்டு எடுத்து வைத்துக்கொண்டாள். குடிக்கிற தண்ணீரை இன்னும் குறைத்தாள்.

ஏறக்குறைய பத்து நாள் இப்படிப் போனது. பிறகு ஸ்கேன் நாள் வந்தது.

ஸ்கேன் எடுக்கிறவர் முதலில் பேச்சுக்கொடுத்துக்கொண்டிருந்தார். என்ன வேலை, எத்தனை மணிக்குக் கிளம்பணும், இப்படி. வயிற்றின் மேல் கருவியை நகர்த்தியவர் ஓரிடத்தில் பேச்சை விட்டார். நகர்த்தினார். திரும்பவும் அதே இடத்துக்கு வந்தார். காலர் திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தரம் பார்க்கிறவன் சட்டையை விளக்கடியில் இரண்டாம் முறை தூக்கிப் பிடிக்கும்போது அவன் முகம் இப்படித்தான் இருக்கும்.

டாக்டர் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அவள், கணவன், மாமியார்.

“ரெண்டு விஷயம்” என்றார் டாக்டரம்மா. “குழந்தை இன்னும் தலை கீழ வரல. உட்கார்ந்த மாதிரி இருக்கு. கால் ரெண்டும் மேல மடங்கி முகத்துக்கிட்ட போயிருக்கு. அதக்கூடச் சமாளிச்சுக்கலாம். பனிக்குடத்துல தண்ணி ரொம்பக் கம்மியா இருக்கு. அதான் எனக்குக் கவலை.”

“திருப்பிவிட முடியாதா டாக்டர்?” என்றான் கணவன்.

“வெளியில இருந்து கைய வெச்சுத் திருப்பற முறை இருக்கு. அதுக்கு இன்னும் நாளாகணும், உள்ள தண்ணியும் வேணும். வறண்டு கிடக்கறப்போ திருப்பப் போனா கொடி நசுங்கும்.”

“எங்க வேலையிலயும் அப்படித்தான். எண்ணெய் இல்லாம எதையும் அசைக்கக் கூடாது” என்றான். யாரும் சிரிக்காததால் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான்.

“தண்ணி எதனால குறையுது?” மாமியார் கேட்டாள்.

“பல காரணம் இருக்கும்மா. உள்ள இருக்கற தண்ணி முக்கால்வாசி குழந்தை போற சிறுநீர்தான். குழந்தையோட சிறுநீரகம் சரியா வேலை செய்யலன்னா குறையும். நஞ்சுக்கொடியிலேருந்து ரத்தம் ஒழுங்கா போகலன்னா குறையும். இல்லன்னா பனிக்குடம் எங்கயாவது கிழிஞ்சு கசிஞ்சாலும் குறையும்.” டாக்டர் காலரிடம் திரும்பினார். “உங்களுக்குக் கீழ தண்ணி மாதிரி ஏதாவது போச்சா?”

அந்த நிமிடமும் துண்டு நனைந்துதான் இருந்தது.

“இல்ல டாக்டர்.”

பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தண்ணீர் போயிருந்தால் சொல்லியிருப்பாள். போவது என்னவென்று அவளுக்குத் தெரியும். அதை மாமியாரை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது.

“உள்ள ஒரு தடவை பார்த்துடலாமா? ரெண்டு நிமிஷம்தான்.”

பார்த்தால் துணி தெரியும். வயது வந்த பெண்பிள்ளை அடக்கத் தெரியாமல் துணி வைத்துக்கொண்டு வந்திருப்பது தெரியும்.

“இன்னைக்கு வேணாம் டாக்டர். அடுத்த தடவை.”

வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். டாக்டர் கொஞ்சம் யோசித்தார். ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்றார். ஸ்கேனில் சிறுநீரகம் தெரிகிறது, எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது என்றார். வேலைக்குப் போகக் கூடாது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். அசைவைக் கவனிக்க வேண்டும். அசைவு குறைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, எதுவும் கசிந்தாலோ அந்த நிமிடமே வர வேண்டும். இல்லாவிட்டால் மூன்று நாள் கழித்து மறுபடியும் ஸ்கேன்.

காலருக்கு ஒரு வார்த்தைதான் மனதில் நின்றது. சிறுநீரகம். அவள் உடம்பிலிருந்து போனது போதாதென்று பிள்ளைக்கும் அங்கேயே கோளாறு என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் மாமியார் ஆரம்பித்தாள். “ஒட்டகம்கூட இவளைப் பார்த்துக் கத்துக்கணும். காலையில வெச்ச டம்ளர் சாயங்காலம் அப்படியே இருக்கும். எனக்கு நாலும் தலை கீழதான் வந்துச்சு. இவன் ஒருத்தன்தான் வெளிய வந்து வழி கேட்டுக்கிட்டு நின்னான்.”

“நான் எப்பம்மா வழி கேட்டேன்?”

“பொறந்து முழுசா ஒரு நிமிஷம் அழாம முழிச்சுப் பார்த்துக்கிட்டிருந்தியே, அதச் சொல்றேன்.”

இரண்டாம் மாடி வீடு. ஜன்னலை ஒட்டிக் கட்டில், கட்டிலுக்கு அடுத்த கதவு கழிப்பறை. மாமியார் தண்ணீர் ஜக்கைத் தலைமாட்டில் வைத்துவிட்டு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். காலர் குடித்தாள். குடிக்கக் குடிக்க வயிறு குமட்டியது. ஆனாலும் குடித்தாள். அந்தத் தண்ணீர் எப்படியாவது சுற்றிவளைத்து உள்ளே போய்ச் சேர்ந்து, பிள்ளை ஒரு முறை சிறுநீர் போய்விட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டாள்.

இங்கே அட்டை இல்லை. தோன்றியபோதெல்லாம் எழுந்து போனாள். முதல் நாள் அதுவே விசித்திரமாக இருந்தது. இரண்டாம் நாள் காலையில்தான் கவனித்தாள். போய்விட்டு வந்து படுத்து, கொஞ்ச நேரத்தில் எழுந்தால், துணி நனைந்திருந்தது.

பையில் ஒன்றுமே இல்லையே. இப்போதுதானே போய்விட்டு வந்தேன்.

துணியை மாற்றினாள். மறுபடியும் போய், சொட்டு மிச்சமில்லாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். மாமியார் சமையலறைக்குப் போன நேரம், தண்ணீர் தொடாமல், தும்மாமல், இருமாமல், அசையாமல் படுத்திருந்தாள். பிறகு மெல்ல எழுந்து நின்றாள். தொடைவழியே வெதுவெதுப்பாக இறங்கியது.

கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நிறமில்லை. முகர்ந்து பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த வாடை இல்லை. வேறு ஏதோ, பச்சையாக, லேசாக இனிப்பாக. இத்தனை நாளும் ஒரு துணியைக்கூட அவள் முகர்ந்து பார்த்ததில்லை. மடித்துச் சுருட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு எறிந்திருக்கிறாள்.

மாலைவரை தாங்கும் என்று நினைத்து எடுத்த துண்டுகள் எல்லாம் அவள் கண் முன்னால் வந்தன. அத்தனையும் பிள்ளையின் தண்ணீர்.

திரும்பி வந்து படுத்தாள். சொல்ல வேண்டும். அடுத்த நிமிடம் சொல்லிவிடலாம் என்று படுத்திருந்தாள். மாமியார் சாப்பாடு கொண்டுவந்தாள், தின்றாள். சொல்லவில்லை. இரண்டு முறை கலைந்தபோதும் மாமியார் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஊரில் யார் கேட்டாலும், “அவ என்ன பண்ணுவா?” என்று வாயை அடைத்திருக்கிறாள். இந்த முறை அப்படிச் சொல்ல அவளால் முடியாது.

பிள்ளை காலையிலிருந்து உதைக்கவில்லை. அவ்வப்போது ஒரு பக்கம் இறுகித் தளர்ந்தது, அவ்வளவுதான். உதைக்க இடம் இருந்தால்தானே.

சமையலறையில் மாமியார் போனில் பேசுவது கேட்டது. “நாலு மணிக்கு வந்துடுங்க. ஆமா, தலை மேலதான் இருக்கு. நீங்க ஒரு தடவை தடவிவிட்டா திரும்பிடும்... அவன் வர்றதுக்குள்ள முடிச்சுடலாம். அவனுக்கு இதெல்லாம் பிடிக்காது.” பிறகு எண்ணெய் காயும் வாசனை வந்தது.

மாமியார் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். “ஒண்ணும் பண்ணாது. கை மெத்து மெத்துன்னு இருக்கும் அந்த மருத்துவச்சியம்மாவுக்கு. எத்தனை பேருக்குத் திருப்பிவிட்டிருக்காங்க தெரியுமா? நேரா மல்லாந்து படு.”

வாசல் மணி அடித்தது.

“அத்தை, வேணாம்.”

“பயப்படாத. நான் பக்கத்துலயே இருக்கேன்.”

“அத்தை, எனக்குத் தண்ணி போயிட்டிருக்கு.”

மாமியார் கட்டிலைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். “எப்பலேருந்து?”

“ரொம்ப நாளா. வேலைக்குப் போறப்பலேருந்தே. ஒண்ணுக்குன்னு நினைச்சுட்டேன்.”

வாசல் மணி மறுபடியும் அடித்தது. மாமியார் கிண்ணத்தை ஜன்னல் கட்டையில் வைக்கப்போனாள். கிண்ணம் சரிந்து எண்ணெய் தரையில் சிந்தியது. அதைத் துடைக்காமல் அப்படியே தாண்டிப் போனாள். கதவைத் திறந்து, “இன்னைக்கு வேணாங்க, நீங்க போங்க, போங்க” என்று சொல்வதும், வந்தவள் ஏதோ கேட்பதும், கதவு சாத்தப்படுவதும் கேட்டது. பிறகு மகனுக்குப் போன் செய்யும் குரல். “எதுவும் கேட்காத. ஆஸ்பத்திரிக்கு வந்துடு.”

ஆட்டோவில் மாமியார் ஓட்டுகிறவரிடம்தான் பேசினாள். “பள்ளத்துல விடாதீங்க... ஐயோ, உங்களைத்தான் சொல்றேன்! உள்ள ஒரு சொட்டுத் தண்ணி இல்லாம ஒரு உசுரு இருக்கு. மாட்டு வண்டியா ஓட்டறீங்க?” அவர் வேகத்தைக் குறைத்தார். “ஏன் நின்னு நின்னு போறீங்க? சீக்கிரம் போங்க!”

காலர் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குளிர்வது போலிருந்தது. வெயில்தான் அடித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் இந்த முறை அனுமதி கேட்கவில்லை. மாமியாரை வெளியே இருக்கச் சொன்னார். கசிந்ததில் தொட்ட காகிதப் பட்டை நீலமானது; பனிக்குடத் தண்ணீர்தான். நர்ஸ் காய்ச்சல் பார்த்தாள். வயிற்றில் கட்டிய பட்டையின் வழியே பிள்ளையின் இதயம் அறை முழுக்க ஓடியது, மெஷினை முழு வேகத்தில் மிதித்தது போல.

“அன்னைக்குக் கேட்டேனே” என்றார் டாக்டர்.

“நான் அது ஒண்ணுக்குன்னு நினைச்சேன் டாக்டர்.”

“இவ்வளவு நாளுமா?”

“எங்களுக்கு எப்பவும் அப்படித்தான்.”

“எங்களுக்குன்னா?”

“மெஷின்ல உட்கார்றவங்களுக்கு.”

கையுறையைக் கழற்றிய டாக்டர் அவளையே பார்த்தார். ஏதோ கேட்க வந்தது போலிருந்தது. நர்ஸ் துடிப்பின் எண்ணிக்கையைச் சொன்னாள். டாக்டர் கேட்காமல் எழுந்தார்.

“ஆபரேஷன்தான். இப்பவே. காய்ச்சல் வந்துடுச்சு, குழந்தைக்குத் துடிப்பு அதிகமா இருக்கு.”

“அதோட சிறுநீரகம் டாக்டர்?”

“சிறுநீரகம் நல்லாத்தான் இருக்கணும். குழந்தை சிறுநீர் போய்க்கிட்டேதான் இருந்திருக்கு. உள்ள தங்கலைங்கறதுதான் விஷயம். இப்ப எனக்குப் பயம் கிருமி. குடம் திறந்து இவ்வளவு நாள் ஆச்சு.”

தள்ளுவண்டியை வராந்தாவில் தள்ளிக்கொண்டு போனபோது கணவன் ஓடிவந்தான். வேலைச் சட்டை, முழங்கைவரை கிரீஸ். தொடக் கை நீட்டியவன், கையைப் பார்த்துவிட்டுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

“என்கிட்டயாவது சொல்லக் கூடாதா?”

“என்னன்னு சொல்றது?”

அவன் வண்டியோடு நடந்தான். கதவுவரைதான் விட்டார்கள்.

முதுகில் ஊசி போட்டபின் இடுப்புக்குக் கீழே அவளுக்கு ஒன்றும் இல்லை. மார்புக்குக் குறுக்கே பச்சைத் துணி கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் யாரோ ஓர் அலமாரியைத் திறந்து, உள்ளே அடைத்துவைத்த எதையோ இழுப்பது போலிருந்தது. வலி இல்லை, இழுவை மட்டும்.

“முதுகு மேல வரட்டும். கால இழுக்காத... மெதுவா. ஒரு கை வந்துடுச்சு. இன்னொண்ணு.” பிறகு டாக்டரின் குரல் தாழ்ந்தது. “தலை. தலைய விடு. நான் பார்த்துக்கறேன்.”

கருவி ஒன்று மட்டும் விட்டுவிட்டுக் கத்தியது. காலர் பச்சைத் துணியின் மடிப்புத் தையலைப் பார்த்தாள். கோணலாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏதோ ஒன்று விலகியது. வயிறு சட்டென்று காலியானது. காலடிச் சத்தம் அறையின் மூலைக்கு ஓடியது. அழுகை வரவில்லை. மூலையில் இரண்டு பேர் குனிந்து நின்றார்கள். துணியால் தேய்க்கும் சத்தம். உறிஞ்சும் சத்தம். மறுபடியும் தேய்க்கும் சத்தம்.

“ஏங்க, அழலையே” என்றாள். யாரிடம் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“இருங்கம்மா.”

பிறகு பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட பூனையின் சத்தம் போல ஒன்று கேட்டது. நின்றது. மறுபடியும் கேட்டது.

“பொண்ணு” என்று ஒரு குரல் சொன்னது. அதற்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள்தான் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கண்ணாடி அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கணவன் ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்து சொல்லியிருந்தான். “கால் ரெண்டையும் காதுகிட்ட வெச்சுக்கிட்டுப் படுத்திருக்கா. போன் பேசற மாதிரி.” சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. மாமியார் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். இந்த மூன்று நாளில் அவள் காலரிடம் சாப்பாட்டைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் மட்டுமே பேசியிருந்தாள்.

குழந்தைகள் டாக்டர் சின்ன வயதுக்காரர். ரத்தத்தில் கிருமி இருந்தது, மருந்துக்குக் கேட்கிறது என்றார். மூச்சுக்கு வைத்த குழாயைக் காலையில் எடுத்துவிட்டோம் என்றார். சிறுநீர் நன்றாகப் போகிறது என்றார். உயிருக்கு இனிப் பயமில்லை என்று அவர் சொன்னபோது காலர் நாற்காலியின் கைப்பிடியை விட்டாள்.

“இந்தக் கால்?”

“உள்ள அப்படியே நெருக்கி உட்கார்ந்திருந்ததால மடங்கி இருக்கு. கால் தானா இறங்கும். இடுப்பு மூட்டு சரியா உட்கார்ந்திருக்கான்னுதான் பார்க்கணும். ஆறு வாரம் கழிச்சு ஸ்கேன் எடுப்போம். தேவைப்பட்டா பெல்ட் போடுவோம்.”

“நடப்பாளா?”

“முதல்ல பால் குடிக்கட்டும்மா.”

நர்ஸ் குழந்தையைத் துணியோடு தூக்கி அவள் மடியில் வைத்தாள். எடையே இல்லை. தோல் சுருங்கி, அதிக நேரம் சலவையில் கிடந்த துணி போலிருந்தது. துணியை விலக்கியதும் கால்கள் இரண்டும் மேலே போய் முகத்தின் இருபுறமும் நின்றன. காலர் ஒரு பாதத்தைப் பிடித்தாள். கட்டை விரலளவுகூட அகலமில்லை. மெல்லக் கீழே கொண்டுவந்து, முழங்கால் நீளும்வரை பிடித்திருந்தாள். விட்டதும் மேலே போய்விட்டது. மறுபடியும் பிடித்துக் கொண்டுவந்தாள்.

“அழுத்தாதீங்க. தானா வரும்” என்றாள் நர்ஸ்.

“எப்ப வரும்?”

அடுத்த பெட்டியில் கருவி கத்தியது. நர்ஸ் அங்கே போய்விட்டாள். காலர் கையை எடுத்தாள். பாதம் காதுக்குப் பக்கத்தில் போய் நின்றது. குழந்தை கண் திறக்காமல் வாயைத் திறந்து, எதையோ தேடி, தலையை அவள் பக்கம் திருப்பியது.